தனியாகப் போகிறவரை ஏன் யாரும் துரத்தவில்லை? சைக்கிள் பந்தயத்தின் மலை நாள்கள், முதல் முறை பார்ப்பவர்களுக்காக

“மாமா, அவரு தனியா போய்க்கிட்டே இருக்காரு. பின்னால வர்ற ரெண்டு பேரும் ஏன் துரத்தாம ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு வர்றாங்க?”

2025 மே 31, சனிக்கிழமை. கோலாலம்பூர் செந்தூலில் அக்கா வீட்டு ஹால். இங்கே இரவு மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது, இத்தாலியில் அப்போது மாலை ஐந்துதான். ஜிரோ டி இத்தாலியாவின் 20 ஆவது கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது, சைக்கிள் பந்தயத்தை அன்றைக்குத்தான் முதல் முறையாக உட்கார்ந்து பார்க்கிறாள், கையில் மைலோ. அவள் கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. ஆனால் மலை நாள்களைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல கேள்வி கிடையாது என்று எனக்கு உடனே தோன்றியது. அதனால் அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஜிரோ, டூர் டி பிரான்ஸ் மாதிரியான பெரிய பந்தயங்களில் மூன்று வாரத்தில் 21 கட்டங்கள். ஒவ்வொரு நாளும் யார் முதலில் வந்தார் என்று ஒரு வெற்றி உண்டு, ஆனால் பெரிய பரிசு அதற்கில்லை, 21 நாளும் ஓட்டிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் யாருக்குக் குறைவோ அவருக்குத்தான். அன்றைய நிலவரப்படி கூட்டுநேரம் குறைவாக உள்ளவர் டூரில் மஞ்சள் சட்டை போடுவார், ஜிரோவில் இளஞ்சிவப்பு. இன்னொரு விதியும் முக்கியம்: கூட்டமாக வந்து சேர்ந்தால் அந்தக் கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரம்தான். முதல் மூன்று பேருக்கு 10, 6, 4 வினாடி என்று போனஸ் கழிவு கிடைக்கும், அவ்வளவுதான். ஆக நூற்றைம்பது பேர் ஒன்றாக ஊருக்குள் நுழையும் சமதள நாள்களில் பட்டியல் அசையவே அசையாது. ஆளை ஆளிடமிருந்து பிரிப்பது இரண்டே விஷயம், தனித்தனியாக ஓட்டும் நேரப் பந்தயம், அப்புறம் மலை.

மலை ஏன் பிரிக்கிறது என்பதை, கோம்பாக் பழைய சாலையில் கெந்திங் செம்பா வரைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறிப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சமதளத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடும், அதனால் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் பெரிய மிச்சம். சாலை மேலே திரும்பி வேகம் 20க்கு இறங்கிவிட்டால் காற்றின் பங்கு சுருங்கிவிடுகிறது. 9 விழுக்காடு ஏற்றத்தில், அதாவது நூறு மீட்டர் போனால் ஒன்பது மீட்டர் உயரும் சாலையில், உழைப்பில் பத்துக்கு எட்டு ஒன்பது பங்கு நம் உடம்பையும் சைக்கிளையும் மேலே தூக்கவே செலவாகிறது. அங்கே யார் முதுகும் யாருக்கும் பெரிய நிழல் தராது. ‘பெரிய’ என்ற அந்தச் சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நிழல் அங்கேயும் இருக்கிறது. உலகத்தரத்தில் ஏறும் ஆட்களுக்கு வேகம் அதிகம் என்பதால் அந்தக் கொஞ்சமும் கணக்கில் வரும்.

எடைக்கு எவ்வளவு பலம் என்பதுதான் மலையின் தராசு. வாட் என்ற அளவில் சொன்னால், ஒழுங்காகப் பயிற்சி செய்யும் நம்மைப் போன்ற ஒருவர் அரை மணி நேர ஏற்றத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 வாட் கொடுத்தால் நன்றாக ஓட்டுகிறார் என்று அர்த்தம். மலையில் பட்டத்துக்குப் போட்டியிடுபவர்கள் 6 வாட்டைத் தொடுகிறார்கள், தாண்டவும் செய்கிறார்கள். 60 கிலோ ஆள் என்றால் 360 வாட். ஆனால் அங்கே முன்னணியில் இருக்கும் ஐந்தாறு பேரும் அதே தராசில் ஏறக்குறைய அதே எடைதான். வித்தியாசம் நூலளவு. அந்த நூலளவை நிமிடக்கணக்காக மாற்றுவதற்குத்தான் தந்திரம் தேவைப்படுகிறது.

மலையில் அட்டாக் என்றால் திடீரென்று வேகத்தைக் கூட்டிப் பிரிந்து போவது. புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள், பலம் இருந்தால் சீராகவே வேகமாகப் போகலாமே, எதற்கு இந்தக் குதிப்பு என்று. சீராகப் போனால் பின்னால் இருப்பவர் ஒட்டிக்கொண்டே வருவார். கொஞ்சம் நிழலும் கிடைக்கும், அதைவிட முக்கியமாக மனசுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும், முன்னால் சுழலும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது ஒன்று, வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது வேறொன்று. அட்டாக் என்பது அந்தப் பிடியை அறுப்பது. முதல் ஐம்பது மீட்டரில் அறுந்தால் பெரும்பாலும் அறுந்ததுதான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்களோடு ஓட்டும் ஓர் அண்ணன், வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஏறும்போது அவர் எப்போதும் எனக்குப் பக்கவாட்டில், அரைச் சக்கரம் பின்னால் வருவார். மூங்கில் சாய்ந்து நிற்கும் ஒரு வளைவு இருக்கிறது, பனி அங்கே இன்னும் விலகியிருக்காது, கீழே காராக் நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த வளைவுக்கு முன்னால் நான் குனிந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து வாய்க்குக் கொண்டுபோன அந்த நொடியில், டக் என்று ஒரு கியர் மாறும் சத்தம். நான் போத்தலைத் திரும்பக் கூட்டில் வைப்பதற்குள் அவர் இருபது மீட்டர் போய்விட்டார். மேலே போய்ச் சேர்ந்ததும் சொன்னார்: “உன் மூச்சைக் கேட்டுக்கிட்டேதான் வந்தேன் தம்பி. ரெண்டு வளைவுக்கு முன்னாலேயே நீ பேசறத நிறுத்திட்ட.” கால் பலத்தில் அன்று எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அவர் என்னைப் படித்துக்கொண்டு வந்தார், நான் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தொலைக்காட்சியில் நீங்களும் அப்படிப் படிக்கலாம். ஃபார்ம் என்று வர்ணனையாளர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்களே, அது ஏதோ பொதுவான திறமை இல்லை, அந்த வாரம், அந்த நாள், சில சமயம் அந்த ஒரு மணி நேரம் உடம்பு என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான். பந்தயத்துக்குச் சில மாதங்கள் முன்பிருந்தே மலை உச்சி முகாம்களில் தங்கிப் பயிற்சி செய்து, சரியாக அந்த மூன்று வாரத்தில் உச்சத்துக்கு வரும்படி உடம்பைக் கொண்டுவருவார்கள். வந்தும் ஒரு நாள் சறுக்கும். சரியாகத் தூங்காமல் இருந்திருக்கலாம், வெயிலாக இருக்கலாம், இரண்டு நாள் முந்தைய விழுதலாக இருக்கலாம், சாப்பாடு தவறியிருக்கலாம். இந்தச் சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: இப்போதெல்லாம் ஓட்டிக்கொண்டே மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே தள்ளுகிறார்கள், ஜெல்லாகவும் பானமாகவும். 100 கிராம் மாவுச்சத்து என்றால் ஏறக்குறைய 350 கிராம் வெந்த சோறு. ஒவ்வொரு மணி நேரமும் அவ்வளவு, அதுவும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது. ஒரு வேளை தவறவிட்டால் ஒரு மணி நேரம் கழித்துக் கால் வெறுமையாகிவிடும், அதற்கப்புறம் சாப்பிட்டும் பயனில்லை.

ஆள் சோர்வதற்கு அடையாளங்கள் உண்டு. தோள் ஆட ஆரம்பிக்கும். சீராக இருந்த மிதி கனமாகி, ஒவ்வொரு மிதிக்கும் தலை அசையும். கூட்டத்தின் கடைசி இடத்துக்கு நழுவி, முன்னால் உள்ளவருக்கும் தனக்கும் நடுவில் ஒரு சக்கர இடைவெளி விட்டு, அதை மூடி, திரும்ப விட்டு என்று ரப்பர் பட்டை மாதிரி இழுபடுவார். சட்டையின் ஜிப்பை முழுசாக இறக்கிவிடுவது மட்டும் அடையாளம் ஆகாது, வெயிலில் எல்லோரும் அதைச் செய்வார்கள். எதிராளியும் இதையெல்லாம் பார்ப்பார் என்பதால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பழகியவர்கள் உண்டு. அதனால்தான் சிலர் சும்மா ஒரு சின்ன அட்டாக் போட்டு ஆழம் பார்ப்பார்கள். யார் உடனே ஒட்டினார், யார் இரண்டு வினாடி தாமதித்தார், அந்தத் தாமதம் போதும்.

2023 டூரைப் பாருங்கள். 15 கட்டம் முடிந்தபோது, பட்டத்துக்கு மோதிய டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோருக்கும் ஸ்லோவேனியாவின் தடே பொகாச்சாருக்கும் நடுவில் வெறும் 10 வினாடி. இரண்டு வாரமாக ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டே வந்தவர்கள். ஓய்வு நாளுக்கு அடுத்த நேரப் பந்தயத்தில் விங்கெகோர் 1 நிமிடம் 38 வினாடி பறித்தார், மறுநாள் கோல் டி லா லோஸ் ஏற்றத்தில் பொகாச்சார் உடைந்துபோனார், தன்னால் முடியவில்லை என்று அவர் அணி ரேடியோவில் சொன்னது உலகம் முழுக்கக் கேட்டது. அந்த ஒரு நாளில் மட்டும் விங்கெகோரிடம் 5 நிமிடம் 45 வினாடி இழந்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் மணிக்கட்டு முறிந்து, பயிற்சியில் பெரிய இடைவெளி விழுந்திருந்தது. முதல் இரண்டு வாரம் அது வெளியே தெரியவில்லை. மூன்றாவது வாரம் எதையும் மறைக்க விடாது.

அணி என்ற விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு அணியிலும் எட்டுப் பேர், பெரும்பாலும் ஒரே ஒரு தலைவருக்காக ஓட்டுகிறார்கள். மலையடிவாரத்தில் துணை வீரர்கள் வரிசையாக முன்னால் வந்து, ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த மட்டும் கடும் வேகம் வைத்து, முடிந்ததும் ஒதுங்கி விழுவார்கள். வேகம் கடுமையாக இருந்தால் யாராலும் அட்டாக் போட முடியாது, பலவீனமானவர்கள் தானாகக் கழன்றுகொள்வார்கள். இதைவிட எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. 2022 டூரில் பொகாச்சார் மஞ்சள் சட்டையில் இருந்தார், பார்த்தால் அசைக்க முடியாதவர் மாதிரி. எதிரணியில் விங்கெகோர், பிரிமோஷ் ரொக்லிச் என்று இரண்டு பேர். 11 ஆவது கட்டத்தில், கடைசி ஏற்றத்துக்கு வெகு முன்பே, கலிபியே மலையில் இருவரும் மாறி மாறி அட்டாக் போட்டார்கள். ஒருவர் போவார், பொகாச்சார் துரத்திப் பிடிப்பார், பிடித்த மறுகணம் மற்றவர் போவார். ரொக்லிச் தன் வாய்ப்பை எரித்துத்தான் அதைச் செய்தார், அவருக்கு அதில் எதுவும் மிஞ்சாது என்று தெரிந்தே செய்தார். இரண்டு பேரையும் விட முடியாது என்பதால் பொகாச்சார் எல்லாவற்றுக்கும் தானே பதில் சொன்னார். அப்போது எதுவும் நடக்காத மாதிரிதான் இருந்தது. ஆனால் கடைசியில் கிரானோன் ஏற்றத்தில் விங்கெகோர் புறப்பட்டபோது பொகாச்சார் காலில் ஒன்றும் இல்லை, 2 நிமிடம் 51 வினாடி போய்விட்டது. அந்தக் கட்டத்தை இப்போது திரும்பப் பார்த்தால், கிரானோனில் விழுந்த அடி கலிபியேயில் ஓங்கப்பட்டது என்று தெரியும்.

சரி, இப்போது அக்கா மகளின் கேள்விக்கு.

அன்று காலை நிலவரம் இது. இளஞ்சிவப்பு சட்டை மெக்சிகோவின் இசாக் டெல் டோரோவிடம், 21 வயது. அவரைவிட 43 வினாடி பின்னால் ஈக்குவடோரின் ரிச்சர்ட் கராபாஸ், 2019 இல் ஜிரோ வென்றவர். 1 நிமிடம் 21 வினாடி பின்னால் இங்கிலாந்தின் சைமன் யேட்ஸ். மறுநாள் ரோமில் சமதளம் என்பதால் மாற்ற வேண்டியது எல்லாம் இன்றே மாற்றியாக வேண்டும். நடுவில் கோலே டெல்லே ஃபினெஸ்ட்ரே: 18.5 கிலோமீட்டர், சராசரி 9.2 விழுக்காடு, மேல்பாதியில் தார் இல்லை, வெறும் சரளை மண், உச்சி 2178 மீட்டர். அதற்கப்புறம் ஓர் இறக்கம், ஒரு பள்ளத்தாக்கு, அப்புறம் செஸ்ட்ரியேரேக்கு மிதமான ஏற்றம், அங்கே முடிவு.

ஏற்றம் தொடங்கியதும் கராபாஸ் அணி முழு வேகம் வைத்தது, கராபாஸ் அட்டாக் போட்டார், டெல் டோரோ உடனே ஒட்டிக்கொண்டார். யேட்ஸ் கொஞ்சம் பின்தங்கி, தன் வேகத்தில் வந்து சேர்ந்து, திரும்பத் திரும்பத் தாக்கி, ஒரு கட்டத்தில் தனியாகப் போய்விட்டார். இங்கேதான் அவள் கேள்வி கேட்டாள்.

டெல் டோரோ இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். சட்டை உங்களிடம். உங்களுக்கு மிக அருகில் உள்ள ஆபத்து 43 வினாடியில் இருக்கும் கராபாஸ், அவர் உங்கள் பின்சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் முன்னால் நின்று யேட்ஸை இழுத்துப் பிடித்தால், களைத்துப்போன உங்களைக் கராபாஸ் கடைசி ஏற்றத்தில் கொக்கு மீனைக் கொத்துகிற மாதிரி கொத்திவிடுவார். இப்போது கராபாஸ் இடத்தில். நீங்கள் முன்னால் நின்று இழுத்தால் டெல் டோரோ சும்மா பின்னால் வந்து சட்டையைக் காப்பாற்றிக்கொள்வார், நீங்கள் உழைத்து அவருக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த கதையாகும். சட்டை வைத்திருப்பவர்தானே துரத்த வேண்டும், அது அவர் வேலை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு நியாயமும் சேர்ந்தால் வேகம் விழுகிறது. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நம் ஆட்கள் சொன்னது இதற்கே சொன்ன மாதிரி இருக்கும்.

மலையில் பிடிக்காமல் விட்டாலும் பள்ளத்தாக்கில் பிடித்திருக்கலாமே என்றால், அங்கேதான் யேட்ஸ் அணியின் உண்மையான வேலை இருந்தது. காலையிலேயே முன்னால் போன கூட்டத்தில் தங்கள் வவுட் வான் ஆர்ட்டை அனுப்பி வைத்திருந்தார்கள். அவர் மலை வீரர் இல்லை, உடம்பு பெரிது, ஆனால் சமதளத்தில் காற்றைக் கிழிக்க அவரைப் போல ஆள் குறைவு. ஃபினெஸ்ட்ரேயைத் தாண்டியதும் அவர் யேட்ஸுக்காகக் காத்திருந்து, பள்ளத்தாக்கு முழுக்க முன்னால் நின்று இழுத்தார். முதலில் சொன்னேன் இல்லையா, சமதளத்தில் ஒருவர் முதுகு எவ்வளவு பெரிய மிச்சம் என்று. பின்னால் இருவர் யார் முன்னால் போவது என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, முன்னால் ஒரு பெரிய முதுகு யேட்ஸைச் சுமந்துகொண்டு போனது. டெல் டோரோவுக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு துணை வீரர்கூட இல்லை. சைமனின் இரட்டைச் சகோதரர் ஆடம் யேட்ஸ் டெல் டோரோவின் அணியில்தான் இருந்தார் என்பது இன்னொரு விசேஷம்.

காலையில் 1 நிமிடம் 21 வினாடி பின்னால் இருந்தவர், மாலையில் 3 நிமிடம் 56 வினாடி முன்னால். கூட்டிப் பாருங்கள், ஒரே நாளில் 5 நிமிடம் 17 வினாடி திரும்பியது. மலையில் யேட்ஸ் சம்பாதித்ததைவிட, அதற்கப்புறம் பின்னால் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதில் அவருக்குக் கிடைத்தது அதிகம்.

நம் ஊர் டூர் டி லங்காவியில் இதே கணக்கு வேறு மாதிரி வரும். எட்டு நாள் பந்தயம், பெரும்பாலும் சமதளம், கெந்திங் மலை வைத்த வருடங்களில் அந்த ஒரு மதியம்தான் அநேகமாகப் பட்டத்தைத் தீர்மானிக்கிறது. 2022 இல் கொலம்பியாவின் இவான் சோசா கெந்திங்கில் வென்றார், பட்டமும் அவருக்கே. அங்கே நாளைக்கு என்று சேமித்து வைக்க யாருக்கும் காரணம் இல்லை. அதனால் பார்த்துக்கொண்டு நிற்பதும் குறைவு, அடிவாரத்திலிருந்தே ஆட்கள் கழன்றுகொண்டே வருவார்கள். நேரில் பார்க்கப் போனால் முடிவுக்கோட்டில் நிற்காதீர்கள், செங்குத்தான ஒரு வளைவில் நில்லுங்கள். அவ்வளவு மெதுவாக வருவார்கள், தோளையும் வாயையும் பார்க்க நேரம் இருக்கும், மூச்சுகூடக் கேட்கும்.

அன்று இரவு எல்லாம் முடிந்தபிறகு அவள் கேட்டாள், “அப்ப யாரு மேல தப்பு?” டெல் டோரோ அணியைக் குறை சொல்ல எனக்கு மனம் வருகிறது, தலைவருக்குப் பக்கத்தில் ஓர் ஆளையாவது வைத்திருக்க வேண்டும். கராபாஸைக் குறை சொல்ல வரவில்லை, அவர் இரண்டாம் இடத்துக்காக அன்று ஓட்டவில்லை. அவளுக்கு இந்தப் பதில் போதவில்லை. அதனால் ஃபோனை எடுத்து 2018 ஜிரோவின் 19 ஆவது கட்டத்தைக் காட்டினேன். ஃபினெஸ்ட்ரே, சரளை மண், முடிவுக்கு 80 கிலோமீட்டர் இருக்கும்போதே கிறிஸ் ஃப்ரூம் தனியாகப் பிரிந்து போகிறார். பின்னால் துரத்தும் கூட்டத்தில் நாலைந்து பேர், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் ஒருவர் இளம் கராபாஸ். அவர்களுக்கும் பின்னால், காட்சியிலிருந்தே நழுவிக்கொண்டு, இளஞ்சிவப்பு சட்டையில் ஒருவர். அன்று மட்டும் 38 நிமிடத்துக்கு மேல் இழந்தார்.

“இது யாரு?”

“சைமன் யேட்ஸ்.”

அவள் ஃபோனைக் கையில் வாங்கி, கொஞ்சம் பின்னால் தள்ளி, அவர் நழுவும் இடத்தை இன்னொரு தடவை பார்த்தாள். “இதே மலையா மாமா?”

“இதே மலைதான்.”